தெளிவான குரல்

ஒரு காருக்குள் டிஜிட்டல் ரேடியோ ஒன்று இருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைப் போட்டதே இல்லை. பாட்டு, வழி, அரட்டை எல்லாவற்றுக்கும் செல்போன்தான்.

"என்னண்ணே, இன்னிக்காவது வாயைத் திறப்பீங்களா?" என்று போன் தினமும் சீண்டும்.

"என் குரல் எவ்வளவு தெளிவு தெரியுமாடா? ஒரே ஒரு தடவை கேட்டா விடவே மாட்டாங்க" என்று ரேடியோ எரிந்து விழும்.

ஒரு புயல் நாளில், சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் கார் நின்றது. எந்தப் பக்கம் வெள்ளம் என்று தெரியவில்லை. போனில் சிக்னல் போய்விட்டது. ஓட்டி வந்த பெண் முதல்முறையாக ரேடியோவை அழுத்தினாள். நிலையத்துக் குரல் துளி இரைச்சல் இல்லாமல் வந்தது.

"நேயர்களே, இரண்டு சாலைகளில் ஒன்று மூழ்கிவிட்டது. எது என்று அறிய, உங்கள் செல்போனில் எங்கள் செயலியைப் பாருங்கள்."

அவள் ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, எதிரே நனைந்தபடி வந்த பால்காரரிடம் வழி கேட்டாள்.

"கேட்டுச்சாண்ணே? உங்க வாயாலயே என்னைத்தான் கூப்பிட்டாங்க" என்றது போன், சிக்னலைத் தேடிக்கொண்டே.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றது ரேடியோ. "ரொம்பத் தெளிவாவே கேட்டுச்சு."