ஆறு மணிக்குள் சம்மதம்

"அவர் மறுபடியும் போன் பண்ணிட்டார். ஆறு மணிக்கு மேல காத்திருக்க முடியாதாம்" என்று பொரிந்து தள்ளினார் பத்ரிநாராயணன்.

மகள் சுப்ரஜா நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்வதில் சாதகம் என்ன, பாதகம் என்ன என்று இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாதகம் பதினொண்ணு வருதுப்பா. ப்ரமோஷன் வர்ற நேரம். ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்க முடியாது..."

"சாதகம்?"

"நீங்க ரெண்டு பேரும் தினம் நச்சரிக்கிறது நிக்கும். அது ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணுக்காகவாவது சரின்னு சொல்லித் தொலையேன்டி" என்றாள் அம்மா ஞானாம்பாள்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சுப்ரஜா நோட்டை மூடினாள்.

"சரி, பண்ணிக்கிறேன். ஆளை விடுங்க."

பத்ரிநாராயணன் பாய்ந்து போனை எடுத்தார். "சார், பொண்ணு சம்மதிச்சுட்டா. தை மாசம் கடைசி முகூர்த்தத்தை எங்க பேர்லயே எழுதிக்கோங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"குரோம்பேட்டையில, தை மாசத்துல, ஏசி மண்டபம் கிடைக்கிறது சாதாரண விஷயமா? பெரிய வேலை முடிஞ்சுது."

"இன்னும் என்னப்பா பாக்கி?"

"மாப்பிள்ளை பார்க்கணும்."