கணுக்கால் அளவு தண்ணீர்

முதலாளி கைகழுவிவிட்டுப் போன இழுவைப்படகு அது. அதன் மேலுள்ள வழக்கு முடியும்வரை ஒரு ஆள் காவலுக்கு இருந்தே தீரவேண்டும் என்று அந்நிய ஊர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒரு ஆள் இன்ஜின் மெக்கானிக் ரெக்சன். மற்றவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவனுடைய பாஸ்போர்ட் மட்டும் மூன்றாவது வருஷமாகத் துறைமுக அதிகாரியின் மேசைக்குள் கிடக்கிறது. படகின் அடியில் எங்கோ கசிவு. ஊறுகிற தண்ணீரை ஒரு பம்பு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் அதன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவவேண்டும். இல்லையென்றால் குப்பை அடைத்துக்கொள்ளும்.

"இன்னைக்கு ஒரு நாள் அதத் தொடாம இருங்க," என்றாள் அவன் மனைவி மெட்டில்டா, போனில். "படகே முழுகிட்டா அப்புறம் காவல் எதுக்கு? உங்கள அனுப்பித்தான ஆகணும்?"

சரியென்றான். காலையில் தொடவில்லை. மத்தியானம் இன்ஜின் அறைப் படியில், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் பம்பின் மோட்டார் நனைந்து நின்றுவிடும். அதன்பிறகு யாராலும் ஒன்றும் செய்யமுடியாது. அப்போது பம்பின் சத்தம் மாறியது. பால் புரையேறிய கைக்குழந்தையைப் போல இழுத்து இழுத்துத் திணறியது.

போன் அடித்தபோதுதான், தான் தண்ணீரில் மண்டியிட்டிருப்பதையும், கழுவிய வடிகட்டியை மாட்டி முடித்துவிட்டதையும் ரெக்சன் கவனித்தான்.

"முழுகுதா?" என்றாள்.

"இல்ல மெட்டில்டா. நல்லா ஓடுது."

அந்தக் குரலில் இருந்த பெருமையை அவள் கேட்டாள். அவனும் கேட்டான்.