நாக்கு மீனின் இன்னொரு பெயர்
மதிய வெயில் சாப்பாட்டு மேசையில் விழுந்து கிடக்கிறது. அண்ணனும் தம்பியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுத்தெருவில் அண்ணன் செருப்பைக் கழற்றித் தம்பியை அடித்த பிறகு, இருவரும் சேர்ந்து உட்காருவது இதுதான் முதல் தடவை. இருவருக்கும் நடுவில் பிறந்தவள்தான் கெஞ்சிக் கூத்தாடி அவர்களை வரவழைத்தாள். வறுத்த நாக்கு மீனைப் பரிமாறும்போது அவள் கரண்டி தட்டில் இடித்து ஒலிக்கிறது. ஆங்கில வாத்தியாரான அவள் கணவர் மேசையின் இறுக்கத்தைத் தாங்கமாட்டாமல் மீனைப் பிடித்துக்கொள்கிறார். "நமக்கு இது நாக்கு மாதிரி தெரிஞ்சுது, நாக்கு மீன்னுட்டோம். இங்கிலீஷ்ல சோல். ஓட்டல்ல எல்லாம் அப்படித்தான் போட்டிருப்பான். லத்தீன்லேர்ந்து வந்த பேரு. இந்தத் தட்டையைப் பாத்ததும் லத்தீன்காரனுக்கு என்ன ஞாபகம் வந்துச்சு தெரியுமா? செருப்படி. அதாவது, செருப்போட அடிப்பக்கம்..."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைக்கிறது. தம்பியின் காது மடல் சிவக்கிறது. நாற்காலி கிறீச்சிட அவன் எழுந்துகொள்கிறான்.

"உட்காருடா" என்கிறார் அண்ணன். தம்பி அசையவில்லை. அண்ணன் தலை நிமிராமல் ஒரு மீனின் நடுமுள்ளை மெல்ல உருவுகிறார். "அன்னைக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. நான் செஞ்சது தப்புடா." முள் நீக்கிய மீனைத் தம்பியின் தட்டில் வைக்கிறார்.

தம்பி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போடுகிறான்.

"அக்கா, கொஞ்சம் சோறு போடு."