ஷவர் ஒழுகுது

"ஷவர் ஒழுகுதாம். அது நிக்கிற வரைக்கும் மேடம் ஷாட்டுக்கு வரமாட்டாங்களாம்."

படத்தின் மேனேஜர், நடிகையின் கேரவனை ஓட்டும் டிரைவரிடம் எரிந்து விழுந்தார். மொட்டை வெயிலில் மொத்த யூனிட்டும் நடிகைக்காகக் காத்துக் கிடந்தது. நாலு சொட்டுத் தண்ணீருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஆளாளுக்குப் பல்லைக் கடித்தார்கள்.

"வண்டியைப் பார்த்துக்கிறது உன் பொறுப்பு. சீக்கிரம் சரி பண்ணு. இல்லேன்னா வேற வண்டி, வேற டிரைவர்னு போயிட்டே இருப்பேன்."

வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முன்பிருந்த டிரைவரை, ஏசி சரியில்லை என்று இதே நடிகை ஒரே வார்த்தையில் விரட்டியதாகக் கேள்வி. உண்மையோ பொய்யோ, பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஸ்பானரோடு கேரவனில் ஏறினான்.

நடிகை மேக்கப் கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

குளியலறைத் தரையெல்லாம் தண்ணீர். ஷவர் குழாய் வந்து சேரும் கனெக்டரைத் தடவிப் பார்த்தான். விரிசல் இல்லை. வாஷரும் புதுசு. பிளாஸ்டிக் நட்டு மட்டும் நன்றாகத் தளர்ந்திருந்தது. காலையில் அவனே இறுக்கியது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது, அது எப்படித் தானாகக் கழலும்?

யாரோ திருகியிருக்கிறார்கள். என்னைத் துரத்தத்தான் இந்த வேலையா என்று நினைத்தான்.

ஸ்பானர் போட்டால் பிளாஸ்டிக் தாங்காது. கையாலேயே இறுக்கினான். ஒழுகுவது நின்றது.

"சரியாயிடுச்சு மேடம்."

அவள் எழுந்து வந்தாள். குனிந்து, அதே நட்டைத் தன் கையாலேயே மறுபடி தளர்த்தினாள். தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"இன்னும் ஆகலை," என்றாள்.

"மேடம்... ரெண்டு புள்ளைங்க மேடம். என் வேலை போயிடும்."

கதவு தடதடத்தது. "என்னப்பா, முடிஞ்சுதா?" மேனேஜரின் குரல்.

டிரைவர் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கதவைப் பார்த்துக் கத்தினாள்.

"டிரைவர் நல்லாத்தான் வேலை பார்க்கிறார். அவரை யாராவது ஏதாவது சொன்னீங்கன்னா நான் இந்தப் படத்துலயே இல்லை. எனக்குத் திருப்தியாகிற வரைக்கும் பார்க்கட்டும். ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க."

"திமிரைப் பாரு," என்ற முணுமுணுப்பு வெளியே விலகிப் போனது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பயந்துட்டீங்களா? மன்னிச்சுக்கங்கண்ணே."

பின்பக்கம் இருந்த கட்டிலின் திரையை மெல்ல விலக்கிக் காட்டினாள். குரூப் டான்ஸில் கடைசி வரிசையில் ஆடும் பெண், போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து உடம்பு நெருப்பா கொதிக்குது. இப்பதான் மாத்திரை போட்டுக் கண்ணை மூடியிருக்கா. ஜுரம்னு அவ சொன்னா, நாளைக்கு அவ இடத்துல வேற பொண்ணு ஆடும். நான் அடம் பிடிச்சாத்தான் இங்க எல்லாரும் காத்திருப்பாங்க."