பாதிக் குழி

மூடிப்போன குவாரியில் கிடைத்த அந்தக் கல்லின் ஒரு முகத்தில் ஊதாநிறப் படிகங்கள் கொத்தாகப் பூத்திருந்தன. படிகங்களைச் சேகரிக்கும் நவநீதன் அதைக் கேட்டுத்தான் சிலம்பாயியின் வீட்டுக்கு வந்திருந்தார்.

“பொண்ணு பாக்க வந்தவராட்டம் மூஞ்சியவே பாக்கறீங்களே,” என்றாள் அவள். “எடுத்துக்கிட்டுப் போங்க.”

அவர் கல்லைத் திருப்பினார். பின்புறம் வெறும் கருங்கல். வெடி வைக்கத் துளைத்த குழியின் பாதி, அதில் விரல் நீளத்துக்கு ஓடியது.

“இது வீண் பாரம். செதுக்கித் தள்ளிடறேன்,” என்று உளியை எடுத்தார்.

“அய்யோ, அது எனக்கு வேணுங்க! எங்க வூட்டுக்காரரு கடைசியாப் போட்ட குழி. மருந்து முந்தி வெடிச்சிருச்சு. பூவ மட்டும் பேத்து எடுத்துக்குங்க.”

நவநீதன் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படிகங்களின் வேர் குழிவரைக்கும் இறங்கியிருந்தது.

“பிரிக்க முடியாதும்மா. குழி நிக்கணும்னா படிகம் அத்தனையும் நொறுங்கிடும். இப்பிடியே நீங்களே வச்சுக்குங்க.”

“இந்தப் பூவத் தேடித்தான் அவர அந்த எடத்துல குழி போடச் சொன்னாங்க குவாரிக்காரங்க.”

வெளியே லாரி ஒன்று போய் மறைந்தது. சிலம்பாயி கல்லை வாங்கிப் படிகமுகம் தரையில் படும்படி, குழி மேலே தெரியக் கவிழ்த்தாள். அசையாமலிருக்க இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“குழி போனாப் போவட்டும். அடிங்க.”