ஈர விறகு

காய்ஞ்ச விறகுக் கட்டுல ஆச்சிப்பிள்ளை ஒரு செம்புத் தண்ணிய ஊத்தினா.

கஜானிக்குக் கோவம் உச்சிக்கு ஏறிச்சு.

“அக்கா! உங்களுக்கு மூளை கலங்கிட்டோ? இடுப்பளவு வெள்ளத்துக்குள்ள தலையில வச்சுச் சுமந்து வந்த விறகு அது!”

“நான் கேட்டனா? உன்ட வேலையப் பாரு புள்ள.”

பேருதான் ஆச்சி. வயசு நாப்பத்தஞ்சு, வாய்க்கு இருவது. வவுணதீவுப் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறி, பள்ளிக்கூடத்தில வந்து தங்கின சனத்துக்கு இந்த ரெண்டு பேரும்தான் சமையல். உப்புக்கும் சண்டை, உலைக்கும் சண்டை.

“சோறு புகை மணக்குது எண்டு சனம் பேசுது அக்கா.”

“பசிச்சாத் திங்கட்டும்.”

“வதனிட கண்ணைப் பாத்தீங்களா? அவியுது.”

“அவியட்டும்.”

அடுப்படியில வதனி குந்தி இருந்தா. ஊதி ஊதிக் கண் ரெண்டும் மிளகாய்ப்பழம். கன்னமெல்லாம் கரியும் கண்ணீரும்.

அவட புருசன் முந்தநாள் வயல் வட்டைக்குள்ள நிண்ட மாட்டைச் சாய்ச்சு ஓட்டிவரப் போனவர். தேடிப் போன தோணிக்காரர் காலையில மாட்டை மட்டும்தான் கொண்டுவந்தாங்க. சின்ன மகளுக்கு, “அப்பா பின்னால வாறாரு” எண்டு சொல்லி வச்சிருக்கு.

அப்படிப்பட்ட மனிசியப் புடிச்சு, விடிஞ்சதில இருந்து புகைக்குள்ள இருத்தி வச்சிருக்கா ஆச்சிப்பிள்ளை.

“ஒழும்புகா வதனி,” எண்டா கஜானி. “போய்ப் புள்ளையோட கொஞ்சம் படு. நான் ஊதுறன்.”

“ஒழும்பப்படாது! இரி!” எண்டு ஆச்சிப்பிள்ளை கத்தினா.

வதனி தலையை நிமித்தாம, “நான் இதிலயே இருக்கன்,” எண்டா.

பயத்தில சொல்றா எண்டு நினைச்சா கஜானி. சாப்பாட்டுக்கு வரிசையில நிண்ட சனத்தைப் பாத்து, இடுப்பில கைய வச்சு, மூக்கால பேசிக் காட்டினா.

“ஊதுகா வதனி, ஊது! ஒழும்பினாக் காலை முறிப்பன்!”

அச்சொட்டா ஆச்சிப்பிள்ளைட குரல். சனம் பிளேட்டில தட்டித் தட்டிச் சிரிச்சுது. இருமிக்கொண்டு நிண்டவரும் இருமலை விட்டுட்டுச் சிரிச்சாரு.

ஆச்சிப்பிள்ளை சிரிக்கவும் இல்ல, ஏசவும் இல்ல. கஜானிக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

“கல்லு மனசு!” எண்டுபோட்டு, வகுப்பறைக்குள்ள போய் உடைஞ்ச மரக்கதிரை ரெண்டை அடிச்சுப் பிளந்து கொண்டுவந்தா. நாலு சிரட்டையும் போட்டா. தீ பக்கெண்டு பத்திச்சு. மருந்துக்கும் புகை இல்ல.

“இனிக் கண்ணைத் துடைச்சிட்டு இரிகா.”

ஆச்சிப்பிள்ளை திரும்பவும் செம்போட வந்தா. கஜானி பறிச்சுச் சேத்துக்குள்ள எறிஞ்சா.

“வேணாம் கஜானி...” எண்டா ஆச்சிப்பிள்ளை. கெஞ்சுற குரல். அவட வாயில இப்பிடி ஒரு குரல் இருக்கெண்டே கஜானிக்குத் தெரியாது.

வதனி கண்ணைத் துடைச்சா. நிறைஞ்சுது. திரும்பத் துடைச்சா. திரும்ப நிறைஞ்சுது.

வரிசையில நிண்ட சின்னவள் பிளேட்டோட கிட்ட வந்தாள். தாய்ட முகத்தைப் பாத்தாள். அடுப்பைப் பாத்தாள்.

“அம்மா, இப்ப புகை இல்லயே. மறுகா ஏன் அழுறீங்க?”

வதனிட உதடு துடிச்சுது.

“மாடெல்லாம் வந்திட்டுதே. அப்பா எங்கம்மா?”

சனம் சிரிப்பை முழுங்கிட்டு நிலத்தைப் பாத்துது. ஊராக்கள் எல்லார்ட குரலையும் வாயில வச்சிருக்கிற கஜானிக்கு, சொந்தக் குரல் வரல்ல. திரும்பி ஆச்சிப்பிள்ளையைப் பாத்தா. அவ செம்பு கிடந்த பக்கத்தையே பாத்துக்கொண்டு நிண்டா.

கஜானி சேத்துக்குள்ள கிடந்த செம்பை எடுத்தா. தண்ணி அள்ளினா. எரிஞ்சுகொண்டிருந்த கதிரைக்கால் மேல ஊத்தினா. ‘ஸ்ஸ்’ எண்டு புகை ஒழும்பி எல்லாரையும் மூடிச்சு.

“ஈர விறகு மகள். பாரு, மாமிக்கும் கண் எரியுது.”

மறுகா வதனிக்குப் பக்கத்தில குந்தினா.

“ஊதுகா வதனி, ஊது.”

அச்சொட்டா ஆச்சிப்பிள்ளைட குரல். இந்தத் தரம் ஒருத்தரும் சிரிக்கல்ல.