ஜீப்பின் பிடிவாதம்

"வீட்டுக்கார மனிசி வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லேக்க, நீ என்னத்துக்கு மச்சான் உந்த ஜீப்புக்குக் கீழ போறாய்?"

ரெக்ஸ்டேலில் கூட்டாளி வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் நின்றபடி அலெக்ஸாண்டர் கேட்டான். ஜீப்புக்கு அடியிலிருந்து அந்தக் கூட்டாளி அன்புராசாவின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"உனக்கு விளங்காது. ஆரும் தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேட்டால் நீ முதல்தரமே ஓம் எண்டுவியோ? வேண்டாம் எண்டுதானே சொல்லுவாய்? உதுவும் அப்பிடித்தான். மனிசி மரியாதைக்குச் சொல்லுது."

"அது எங்கட சனம். இவ வெள்ளைக்காரி."

"மரியாதை எல்லாருக்கும் ஒண்டுதான். சுத்தியலை எடு."

அன்புராசாவுக்குக் காரியத்தில் கண். அடுத்த மாதம் ஊரிலிருந்து மனைவி வேரோனிக்காவும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரி கிளடிஸோ, அவன் இருக்கும் பேஸ்மென்ட் என்ற நிலவறை தனி ஆளுக்கு மட்டும்தான் என்று முதல் நாளே கறாராகச் சொன்னவள். வேறு வீடு தேடி அந்த 1987ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் அவன் ஏறி இறங்காத படி இல்லை. பிள்ளைகள் என்றதும் ஒவ்வொரு கதவும் சாத்திக்கொண்டது. ஆகவே முதலில் கிளடிஸின் மனதைக் குளிரப்பண்ணுவது, பிறகு வாயைத் திறப்பது என்று முடிவெடுத்தான்.

அதற்கு வாய்த்ததுதான் அவளுடைய காலஞ்சென்ற கணவர் விட்டுப்போன, ஓடாமல் கிடந்த பழைய ஜீப். மன்னாரில் பத்து வருடம் ஜீப்புகளோடு மல்லுக்கட்டிய மெக்கானிக்குக்கு இது ஒரு பொருட்டா?

பொருட்டாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் பெட்டி உள்ளே உடைந்து கிடந்தது. அதை வெளியே எடுப்பதென்றால், பெட்டியின் தண்டில் மாட்டியிருக்கும் ஸ்டியரிங் ஆம் என்ற இரும்புக் கையை முதலில் கழற்ற வேண்டும். பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு, தண்டையும் கையையும் துருப்பிடிக்க வைத்து ஒரே இரும்பாக்கியிருந்தது.

முதல் ஞாயிறு எண்ணெய் ஊற்றி அடித்துப் பார்த்தான். மசியவில்லை. இரண்டாம் ஞாயிறு வேலையிடத்திலிருந்து புல்லர் என்ற இழுகருவியைக் கொண்டுவந்தான். அதன் இரண்டு கொளுக்கிகளையும் ஆமின் பின்னால் மாட்டி, நடுத்திருகைத் தண்டில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். தோள்மூட்டு நொந்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் கிளடிஸ் வாசலுக்கு வருவாள். "கழன்றுவிட்டதா?" என்று கேட்பாள். இல்லை என்றதும், "பரவாயில்லை, உன்னை வருத்திக்கொள்ளாதே, விட்டுவிடு" என்று முகம் மலரச் சொல்லி, சுடச்சுட அப்பிள் பை என்ற பலகாரம் கொண்டுவந்து தருவாள். ஒருநாள் பெரிய சுத்தியலைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், அவள் அதைக் கழுவித் துடைத்து உடுப்பு அலுமாரிக்குள் வைத்திருந்தாள்.

"என்ன துப்பரவு பார்த்தியே!" என்றான் அன்புராசா. "தோத்துப்போனவனுக்கும் பை சுட்டுத் தருகுது. தங்கமான மனிசி. வேரோனிக்காவைக் கண்டால் மகள் மாதிரி வைச்சிருக்கும்."

"முதல்ல வாயைத் திறந்து கேள்."

"அந்த ஆம் கழலட்டும். வெறுங்கையோட போய்க் கேக்கிறதே?"

கிளடிஸின் மகனுக்குத்தான் உற்சாகம் தாங்கவில்லை. பிக்கரிங்கிலிருந்து தாயைப் பார்க்க வந்தவன், ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "எப்படியாவது கழற்றிவிடு நண்பனே" என்று அன்புராசாவின் முதுகில் தட்டினான். அடுத்த ஞாயிறு, இரும்பைச் சூடாக்கும் காஸ் டோர்ச் ஒன்றைத் தானே வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான்.

"தேப்பன்ர சாமான் எண்டால் பாசம் இராதோ, பாவம்" என்று அன்புராசா உருகிப்போனான்.

அன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினான். புல்லரை இறுக்கியபடியே விட்டு, தண்டைக் கவ்வியிருந்த இடத்தைச் சுற்றி ஆமுக்குச் சூடு காட்டினான். ஒரு பக்கம் அலெக்ஸாண்டர் பெரிய சுத்தியலை அணைத்துப் பிடிக்க, மறுபக்கம் அன்புராசா ஓங்கி அடித்தான். ஒன்று. இரண்டு. அந்தோனியாரே! மூன்று.

வெடி போட்டதுபோல ஒரு சத்தம். இரும்புக் கை தண்டை விட்டுப் பாய்ந்து, புல்லரோடு நிலத்தில் விழுந்தது.

மகன் துள்ளிக் குதித்தான். கிறீஸ் அழுக்கு என்றும் பாராமல் அன்புராசாவைக் கட்டிப்பிடித்தான். பிறகு யாருக்கோ போன் பண்ண வீட்டுக்குள் ஓடினான்.

"இதுதான் நேரம், போ!" என்று அலெக்ஸாண்டர் பிடித்துத் தள்ளினான்.

சூடு ஆறும்வரை பொறுத்திருந்து, இரும்புக் கையைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டு அன்புராசா குசினிக்குள் போனான். கிளடிஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். கதிரையில் உட்கார்ந்தாள். அவளுடைய கண்கள் நிறைந்து வழிந்தன. ஒரு கிழவியை இவ்வளவு சந்தோஷப்படுத்திவிட்டோமே என்று அன்புராசாவுக்குப் பெருமையாக இருந்தது.

தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்துக் கேட்டான். "அடுத்த மாதம் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களும் இங்கே இருக்கலாமா?"

"முதலே கேட்டிருந்தால் மேல்மாடியையே தந்திருப்பேனே" என்றாள் கிளடிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்போது உள்ளே என் மகன் வீட்டுத் தரகரோடு பேசிக்கொண்டிருக்கிறான். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போ என்று ஆறு வருடமாக என்னை நச்சரித்தான். உன் அப்பாவாலேயே கழற்ற முடியாத அந்த இரும்பு என்றைக்குக் கழலுகிறதோ அன்றைக்குப் போகிறேன் என்று, பைபிளில் கை வைத்து அவனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன்."